லாஸ்பேட்டையிலிருந்து வான்வழியே எவ்வளவு தூரம்? நாமே அளக்கலாம்

புதுச்சேரியிலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரம் என்று கேட்டால், பஸ்ஸில் போய் வந்தவர்கள் திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று ஊர்களை அடுக்கி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பார்கள். அது சாலைக் கணக்கு. புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 265 கிலோமீட்டர்தான்.

படி 1: புள்ளிகளைக் குறியுங்கள்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து விமான நிலையத்தின் பெயரைத் தேடுங்கள். ஊர்ப் பெயரைத் தேடினால் நகரின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பெங்களூரு விமான நிலையமோ நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. கடலூரில் விமானச் சேவை கிடையாது. அங்கிருப்பவர்கள் லாஸ்பேட்டையையோ மீனம்பாக்கத்தையோ தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 2: அளவுகோலை நீட்டுங்கள்

ஓடுபாதையின் நடுவில் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஒரு கிளிக். விடை திரையில் வந்துவிடும். அவசரத்துக்கு இது போதும்.

படி 3: கையால் சரிபாருங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வலது கிளிக் செய்யும்போது தெரியும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி: அட்சரேகை 11.97, தீர்க்கரேகை 79.81. பெங்களூரு: 13.20, 77.71.

அட்சரேகை வித்தியாசம் 1.23 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 136.5. தீர்க்கரேகை வித்தியாசம் 2.10 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், 111-ஆல் பெருக்கிய பிறகு சராசரி அட்சரேகையான 12.6-இன் கொசைனாலும் (0.976) பெருக்க வேண்டும்: 227.5. இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 265.

சில தளங்கள் 11 டிகிரி 58 நிமிடம் என்று தரும். அதை 11.58 என்று எழுதிவிடாதீர்கள், 43 கிலோமீட்டர் போய்விடும். 58-ஐ 60-ஆல் வகுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

படி 4: பாரிஸ் என்றால்?

புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு என்பதால் இந்தக் கேள்வி எப்படியும் வரும். மேலே சொன்ன குறுக்குவழி இங்கே உதவாது. சென்னையிலிருந்து பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு அப்படிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 8,400 கிலோமீட்டர் வரும். பூமி உருண்டை என்பதைக் கணக்கில் சேர்த்தால் சுமார் 8,020.

அதற்கான வழி: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் தனியாகப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்து, வரும் டிகிரியை 111.2-ஆல் பெருக்குங்கள். கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கட்டும். எக்செல் ரேடியனில்தான் கணக்குப் போடும், முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கே வேண்டாம் என்பவர்கள் உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடிக்கலாம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கிலோமீட்டர்.

படி 5: அலகு

விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெங்களூருக்கு 143 கடல் மைல். உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும். ஓடுபாதை நோக்கும் திசையில் ஏறி, வகுத்த வான்பாதையில் திரும்பி, இறங்கும் வரிசைக்காகச் சில நேரம் வட்டமும் அடிக்க வேண்டியிருக்கும்.