நோட்டிஃபிகேஷன் வழியா அரசாங்கம் எட்டிப் பாக்குறத எப்படி குறைக்கலாம்

லாக் ஸ்க்ரீன்ல மெசேஜ் தெரியாம மறைச்சாச்சு, இனி கவலையில்லன்னு நிறைய பேர் இருக்காங்க. அது பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் படிக்காம இருக்க உதவும், அவ்ளோதான். ஒரு ஆப் அனுப்புற நோட்டிஃபிகேஷன் ஐபோன்னா ஆப்பிள் சர்வர் வழியா, ஆண்ட்ராய்டுன்னா பெரும்பாலும் கூகுளோட ஃபயர்பேஸ்ங்கிற நோட்டிஃபிகேஷன் சேவை வழியா சுத்திதான் வருது, அதனால எந்த ஆப், எத்தனை மணிக்கு, எந்த போனுக்குங்கிற விவரமெல்லாம் அவங்க கைக்குப் போகுது, ஆப்காரங்க என்க்ரிப்ட் பண்ணலன்னா, அதாவது மத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டலன்னா, உள்ள இருக்கிற எழுத்தும் சேத்துதான்.

இதை அரசாங்கங்கள் கேட்டு வாங்குதுன்னு 2023 டிசம்பர்ல அமெரிக்க செனட்டர் ரான் வைடன் அந்த நாட்டு நீதித்துறைக்கு லெட்டர் எழுதினப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது. இதப் பத்தி வெளிய சொல்லக்கூடாதுன்னு அமெரிக்க அரசு தடுத்து வச்சிருந்துச்சுன்னு ஆப்பிளும் அப்புறம்தான் வாயத் திறந்துச்சு. அதுவரை சப்பீனா (விவரம் கேட்டு அனுப்புற சட்ட நோட்டீஸ்) இருந்தாலே போதும்னு இருந்தத, நீதிபதி தர்ற கோர்ட் ஆர்டரோ சர்ச் வாரன்ட்டோ வேணும்னு அதே மாசம் ஆப்பிள் மாத்துச்சு.

சரி, என்ன பண்ணலாம்? முதல்ல ஆப்புக்குள்ள போய் அங்க இருக்கிற நோட்டிஃபிகேஷன் செட்டிங்ல ஆஃப் பண்ணுங்க. போன் செட்டிங்ஸ்ல மட்டும் ஆஃப் பண்ணா திரையில வராது, ஆனா ஆப்போட சர்வர் பின்னாடி அனுப்பிட்டே இருக்கலாம், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். தேவையே இல்லாத ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க.

சாட்டுக்கு சிக்னல்ங்கிற ஆப் நல்லது. அது "மெசேஜ் இருக்கு, வந்து எடுத்துக்கோ"ன்னு போன எழுப்ப வெறும் காலி நோட்டிஃபிகேஷனத்தான் கூகுள், ஆப்பிள் வழியா அனுப்புது, எழுத்து அவங்ககிட்ட போகாது. எந்த ஆப், எந்த போன், எத்தனை மணிங்கிறது மட்டும் பதிவாகும், அதுக்கு இதுல மருந்து இல்ல. அதையும் தவிர்க்கணும்னா ஆண்ட்ராய்டுல மாலின்னு சிக்னலோட இன்னொரு வடிவம் இருக்கு, யூனிஃபைடுபுஷ்ங்கிற வேற நோட்டிஃபிகேஷன் வழியில கூகுள் இல்லாமயே ஓட்டலாம், ஆனா பத்திரிகையாளர், போராட்டக்காரர் மாதிரி ஆளுங்களத் தவிர மத்தவங்களுக்கு இந்த மெனக்கெடல் ஜாஸ்தின்னு நினைக்கிறேன்.

போனையே பிடுங்கிட்டா? சிக்னல் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ் போய் பேரும் மெசேஜும் காட்டாதன்னு வைங்க. ஐபோன்ல ஷோ ப்ரிவ்யூஸ்ங்கிறத நெவர்னு வைங்க. ஆண்ட்ராய்டுல நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரின்னு ஒண்ணு ஆன்ல இருந்தா நீங்க தள்ளிவிட்டதையும் ஒரு நாளுக்கு வச்சிருக்கும், ஆஃப் பண்ணுங்க. பேசுறது ரகசியமான விஷயம்னா எதிர்ல இருக்கிறவர் போன்லயும் இதையே மாத்தச் சொல்லுங்க.