துவைத்த துண்டு ஏன் அட்டை மாதிரி விறைக்கிறது?

திருப்பூர் பனியன் புதிதில் மெத்தென்று இருக்கும். நாலைந்து சலவையில் சொரசொரத்துவிட்டால் "துணி மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். புதுத் துணியின் மென்மையில் ஒரு பங்கு ஆலையில் ஏற்றிய சிலிக்கோன் மெருகு, அது எப்படியும் கரைந்து போகும். மீதியைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான்.

கொங்குப் பக்கம் நிறைய வீடுகளில் குடிக்க நல்ல தண்ணீர், துவைக்க உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். எண்ணெயில் காய்ச்சிய பழைய வகை சலவை சோப்பை இதில் போட்டுத் தேய்ப்பது முதல் தவறு. சோப்பின் கொழுப்பமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளி விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிறதே, அதேதான் நூலுக்குள்ளும் படிகிறது. வெள்ளை வேட்டி மங்குவதற்கும் இது ஒரு காரணம்.

சரி, சோப்புத்தூளுக்கு மாறினால்? பிசுக்கு குறையும். ஆனால் தூளின் ஒரு பங்கைக் கால்சியம் பிடித்துக்கொள்வதால் நுரை வராது. உடனே இன்னொரு கை அள்ளிப் போடுகிறோம். அதில் இருக்கும் சலவை சோடா கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொடியாகத் துணியில் உட்காரும். கூடுதலாகப் போட்ட தூளும் இரண்டு அலசலில் முழுசாகப் போகாது. நுரைக்கும் அழுக்கு போவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் கதை நேர்மாறு. அது மென்னீர் என்பதால் கொஞ்சம் தூளே போதும், அங்கும் அதே அளவைக் கொட்டினால் அலசி மாளாது.

சந்தேகம் இருந்தால், துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பாருங்கள். நுரைத்தால் தூள் இன்னும் துணியில்தான் இருக்கிறது. தூளைக் குறைத்து, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் விடுங்கள்.

அடுத்தது கண்டிஷனர். இதைத் தூளோடு சேர்த்து ஊற்றுவது காசைச் சாக்கடையில் விடுவதுதான். தூளின் அழுக்கு நீக்கிக்கு எதிர்மின்சுமை, கண்டிஷனருக்கு நேர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வேலை செய்யாது. கடைசி அலசலில் மட்டும் ஊற்ற வேண்டும். ஈரோட்டுத் துண்டுக்கு அதுவும் வேண்டாம். கொழுப்புப் படலம் ஏறிவிட்டால் துண்டு மெத்தென்று இருக்கும், ஈரத்தை மட்டும் உறிஞ்சாது.

சிறுமுகைப் பட்டுக்கு என்சைம் கலந்த தூள் ஆகவே ஆகாது. பால் கறையையும் ரத்தக் கறையையும் தின்னும் என்சைம் புரதத்தைத்தான் தின்கிறது, பட்டும் புரதம்தான். தூளின் காரமும் அதற்கு எதிரி. காரமில்லாத மென்மையான திரவம், பச்சைத் தண்ணீர் போதும்.

வினிகர் வைத்தியம் இப்போது எல்லோர் வாயிலும். கடைசி அலசலில் கொஞ்சம் விட்டால் காரமும் சுண்ணாம்பும் குறையும், சரிதான். பிளீச்சிங் போட்ட வாளியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

அப்புறம் காயப்போடுவது. காற்று அசையாத இடத்தில் காயும் பருத்தி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கும். உதறிப் போட்டு, பாதி காய்ந்ததும் இன்னொரு முறை உதறுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வேலையைச் சும்மாவே செய்துவிடும். கிளிப்பை மட்டும் கெட்டியாகப் போடுங்கள்.