இருப்பை நேரே தொடலாமா, மெத்தட் வழியாகப் போகலாமா?

பாளையங்கோட்டையில் ஒரு அல்வாக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்வா என்ற கிளாஸுக்குள் (தகவலையும் அதைக் கையாளும் மெத்தட்களையும், அதாவது செயல்களையும், சேர்த்து வைக்கிற அச்சு) இருப்பு என்று ஒரு வேரியபிள், கிராம் கணக்கில். அதை பப்ளிக்காக, அதாவது வெளியே எந்தக் கோடும் தொடும்படி, விட்டால் பில், ரிப்போர்ட், பார்சல் ஆர்டர் என்று பல இடத்திலிருந்தும் கழிப்பார்கள், ஒருநாள் அரைக் கிலோ பொட்டலம் ஒன்று போட்டதும் இருப்பு மைனஸ் 250 என்று நிற்கும், எந்த வரி செய்த வேலை என்று தேடியே பொழுது போய்விடும்.

ஜாவா என்றால் இருப்பை பிரைவேட் ஆக்குங்கள், கிளாஸுக்கு வெளியிலிருந்து நேரே தொட முடியாது. சரி, உடனே செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) எழுதிவிடாதீர்கள்; வந்ததை அப்படியே வாங்கி வைக்கிற செட்டருக்கும் பப்ளிக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விற்பனை என்று ஒரு மெத்தட் எழுதுங்கள்: கேட்ட கிராம் பூஜ்யத்துக்கு மேலா, இருப்புக்குள் அடங்குமா என்று பார்த்துவிட்டுக் கழிக்கட்டும், இல்லையென்றால் எக்ஸப்ஷன், அதாவது பிழை என்று சொல்லி நிறுத்தட்டும். படிக்க ஒரு கெட்டர் (மதிப்பைத் திருப்பித் தரும் மெத்தட்) போதும்.

பைத்தானில் முதலில் இருப்பை சாதாரண அட்ரிபியூட்டாகவே (நேரே தொடக்கூடிய வேரியபிள்) வையுங்கள். சோதனை தேவைப்படும்போது ப்ராப்பர்ட்டியாக (வெளியே வேரியபிள் போலத் தெரியும், உள்ளே மெத்தட் ஓடும்) மாற்றினால், அதைப் பயன்படுத்தும் கோடைத் தொடவே வேண்டாம்.

கிளாஸுக்குள்ளே? நான் நேரேதான் தொடுவேன். சப்கிளாஸ் (இந்தக் கிளாஸிலிருந்து கிளைத்தது) அந்தக் கெட்டரை ஓவர்ரைடு செய்யும், அதாவது தன் வழியில் மாற்றி எழுதும் என்றால் மட்டும் உள்ளேயும் கெட்டர் வழியாகப் போங்கள்.