சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு மனுவும்

எங்கள் சர்ச்சில் ஞாயிறு இரவு எலுமிச்சை சாதம் பொட்டலம் கட்டி எழும்பூர் நடைபாதையில் கொடுப்போம். ஒருநாள் ஓர் அம்மா, "சோறு எப்படியும் கிடைச்சிடும் தம்பி, மழை வந்தா புள்ளைய எங்க படுக்க வைக்க?" என்றார். அப்புறம்தான் தெருவில் படுப்பவர்கள் இரவில் தங்கக் காப்பகம் கேட்டு மனு எழுதப் பழகினோம்.

முதலில் தெருவில் படுப்பவர்களை எண்ணுங்கள். இரவு 11 மணிக்கு மேல் போங்கள். பாதிப் பேர் கடை மூடிய பிறகுதான் படுப்பார்கள். தெரு, ஆண், பெண், குழந்தை, நோட்டில் இவ்வளவு போதும். போட்டோ வேண்டவே வேண்டாம்.

அடுத்து, 10 ரூபாய் கட்டணத்தோடு மாநகராட்சிக்குத் தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள் கெடு. "ஏன் காப்பகம் கட்டவில்லை?" என்று கேட்டு நாங்கள் ஒரு மாதத்தை வீணாக்கினோம். காப்பகம் எத்தனை, எங்கே, குடும்பமாகத் தங்கலாமா என்று மட்டும் கேளுங்கள்.

நகரத்து மக்கள்தொகையில் 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. அந்தக் கணக்கை வைத்துக் கவுன்சிலருக்கு எழுதுங்கள்.

சபையாகத் தனியே போகாதீர்கள். பள்ளிவாசல் ஜமாத், கோயில் அன்னதானக் குழு எல்லோரும் சேர்ந்து போங்கள். முக்கியமாக, தெருவில் படுப்பவரே பேசட்டும். அந்த அம்மா பேச ஆரம்பித்தபோதுதான் கவுன்சிலர் போனைக் கீழே வைத்தார்.