போர்க்கால நாசகாரிக் கப்பலின் அஞ்சல் உறையைப் படிப்பது எப்படி?

உறை கைக்கு வந்ததும் அஞ்சல்தலையைப் பார்க்காதீர்கள். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடுத்து, இடது மேல் மூலையில் இருக்கும் அனுப்புநர் முகவரி. அதன்பின் தணிக்கை முத்திரை, அதன்பின் தபால் முத்திரையின் தேதி. அஞ்சல்தலை கடைசியில் வரட்டும். மும்பை அஞ்சல் நிலையங்களில் கடிதம் பிரித்தும் முத்திரை குத்தியும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போர்க்கப்பல் உறைகளைச் சேர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வரிசையை மாற்றியதில்லை. காரணம் எளியது. போர்க்காலத்தில் கப்பலின் பெயர் முத்திரையில் இருக்காது. மற்ற தடயங்களை ஒன்றோடொன்று பொருத்தித்தான் அது எந்தக் கப்பல் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நாசகாரி என்றால் ‘டிஸ்ட்ராயர்’ என்னும் வேகமான போர்க்கப்பல். அமெரிக்க நாசகாரிகளின் உறைகளே அதிகம் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களிலேயே அஞ்சல் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1930களில் சேகரிப்பாளர்கள் கப்பல்களுக்கு உறை அனுப்பி, முத்திரை குத்தித் திரும்பப் பெறுவது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. அந்தக் கால முத்திரைகளில் கப்பலின் பெயர் பளிச்சென்று இருக்கும்; உறையின் இடப்பக்கம் வண்ணப் படமும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு பாதுகாப்புக்காகப் பெயர் நீக்கப்பட்டு, வட்டத்துக்குள் வெறுமனே ‘யு.எஸ். நேவி’ என்று மட்டும் நின்றது. அமெரிக்கக் கடற்படை முத்திரைகளை வகைப்படுத்த டாக்டர் ஃபிரான்சிஸ் லோசி அமைத்த முறையை இன்றும் சேகரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். அதில் பெயரில்லாத முத்திரைகளின் வகை எண்ணுக்குப் பின்னால் ‘இசட்’ என்ற எழுத்து சேரும். பட்டியலில் அந்த எழுத்தைக் கண்டால், கப்பலின் பெயரை முத்திரையில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வண்ணப் படம் போட்ட உறைகளைவிட இந்தப் பெயரில்லாத உறைகளையே நான் உயர்வாக மதிக்கிறேன். படம் போட்டது சேகரிப்பாளருக்காகச் செய்யப்பட்டது. மற்றது ஒரு மாலுமி தன் தாய்க்கோ மனைவிக்கோ எழுதியது. பயணம் செய்ய வேண்டிய கட்டாயத்தால் பயணம் செய்தது. கடைக்காரர்கள் முன்னதற்குத்தான் அதிக விலை சொல்வார்கள். சொல்லட்டும்.

பெயரில்லாத உறையில் கப்பலைச் சொல்வது அனுப்புநர் முகவரிதான். மாலுமியின் பெயர், பதவிநிலை, கப்பலின் பெயர், அதன்கீழ் ‘ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், சான் பிரான்சிஸ்கோ’ அல்லது ‘நியூயார்க்’ என்று எழுதியிருக்கும். சான் பிரான்சிஸ்கோ என்றால் பசிபிக் பக்கம், நியூயார்க் என்றால் அட்லாண்டிக் பக்கம் என்று கொள்ளலாம். கப்பல் எந்தக் கடலில், எந்தத் துறைமுகத்தில் நின்றது என்பது அதற்கு மேல் தெரியாது. அதைத்தான் தணிக்கை அதிகாரி வெளியே விடமாட்டாரே! அஞ்சல்தலை ஒட்ட வேண்டிய இடத்தில் கையெழுத்தில் ‘ஃப்ரீ’ என்று மட்டும் இருந்தால் அது குறையன்று. 1942 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கப் படையினர் சாதாரணக் கடிதங்களை அஞ்சல்தலை இல்லாமல் அனுப்பலாம் என்ற சலுகை வந்தது. விமான அஞ்சலுக்கு மட்டும் 6 சென்ட் ஒட்டினார்கள்.

தணிக்கை முத்திரையைச் சற்று நேரம் எடுத்துப் பாருங்கள். ‘பாஸ்டு பை நேவல் சென்சார்’ (கடற்படைத் தணிக்கையாளர் அனுமதித்தது) என்ற வாசகம் வட்டத்திலோ கட்டத்திலோ இருக்கும். அருகில் அல்லது உள்ளே ஓர் அதிகாரியின் சுருக்கொப்பம். தணிக்கை செய்தவர் ஏதோ தலைநகர அலுவலகத்தில் இருந்தவர் அல்லர். அதே கப்பலின் அதிகாரி. ஒரு நாசகாரியில் இருப்பதே சில நூறு பேர். தாங்கள் வீட்டுக்கு எழுதியதை எல்லாம் தினமும் முகம் பார்க்கிற ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்துதான் மாலுமிகள் எழுதினார்கள். அந்தக் காலக் கடிதங்கள் உணவு, வானிலை, உடல்நலம் என்று சுற்றிச் சுற்றி வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரே கப்பலின் சில உறைகள் சேர்ந்தால் சுருக்கொப்பங்களை ஒப்பிடுங்கள். அனுப்புநர் முகவரி கிழிந்துபோன உறையைக்கூட ஒரு சுருக்கொப்பத்தைக் கொண்டு அதன் கப்பலோடு சேர்க்க முடியும்.

இனி தேதி. பெயர் தெரிந்தால் கப்பல் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ‘லாஃபி’ என்ற அமெரிக்க நாசகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லாஃபியின் கப்பல் எண் 459. அது 1942 மார்ச் 31 அன்று பணியில் சேர்ந்து, அதே ஆண்டு நவம்பர் 13 அன்று குவாடல்கனால் போரில் மூழ்கியது. இரண்டாவது லாஃபியின் எண் 724. அது 1944 பிப்ரவரி 8 அன்று பணியில் சேர்ந்தது. 1945 ஏப்ரல் 16 அன்று ஒகினாவா அருகே தற்கொலை விமானங்களின் தொடர் தாக்குதலைத் தாங்கி மிதந்தது. இன்று தெற்குக் கரோலினாவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆகவே 1943 ஜூன் தேதியிட்டு, லாஃபியின் கப்பல் அஞ்சலகத்திலிருந்து புறப்பட்டதாகச் சொல்லப்படும் உறையை யாராவது நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். அந்த மாதத்தில் அப்படி ஒரு கப்பல் கடலில் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுத் துறை ஒவ்வொரு கப்பலின் வரலாற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்க்கால நாட்குறிப்புகளும் உள்ளன. முத்திரையின் தேதியை நாட்குறிப்போடு வைத்துப் பார்த்தால், தணிக்கை அதிகாரி மறைத்த இடம் தெரிந்துவிடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: முத்திரைத் தேதி, கப்பலில் முத்திரை குத்திய நாள் மட்டுமே. நாசகாரிகள் நடுக்கடலில் எண்ணெய்க் கப்பலிடம் எரிபொருள் நிரப்பும்போதுதான் பல நேரங்களில் அஞ்சல் பைகளையும் கயிற்றின் வழியே மாற்றிக்கொண்டன. குத்திய நாளுக்கும் பை கப்பலைவிட்டு இறங்கிய நாளுக்கும் இடையில் வாரங்கள் ஓடியிருக்கலாம்.

இப்போது அஞ்சல்தலைக்கு வரலாம். தலை வெளியான நாளும் முத்திரையின் நாளும் பொருந்த வேண்டும். கழுகுப் படம் போட்ட 3 சென்ட் ‘வின் தி வார்’ தலை 1942 ஜூலை 4 அன்று வெளியானது; அதன்மேல் அந்த ஆண்டு மே மாத முத்திரை இருந்தால் அது மோசடி. முத்திரையின் வட்டம் தலையிலும் உறையிலும் தொடர்ச்சியாக ஓட வேண்டும். தலையின் விளிம்பில் கோடு உடைந்து விலகினால், பிறகு ஒட்டப்பட்டது என்று பொருள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். கையால் ஓங்கிக் குத்திய முத்திரை காகிதத்தை லேசாக அழுத்தியிருந்தால் பள்ளம் தெரியும். ரப்பர் முத்திரையில் பள்ளம் இருக்காது. அங்கே மையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். முத்திரைக் கட்டையில் தேதி அச்சைக் காலையில் மாற்றிக் கோப்பது ஒரு மனிதர். அச்சு தலைகீழாக விழுவதும் நேற்றைய தேதி அப்படியே நின்றுவிடுவதும் கரையிலேயே நடக்கும். ஆடுகிற கப்பலில் நடக்காதா? சிறு பிழை இருக்கிறது என்பதற்காக ஓர் உறையை ஒதுக்காதீர்கள். எல்லாமே அச்சுப்போல் கச்சிதமாக இருக்கும் உறையைத்தான் நான் இரண்டாவது முறை பார்ப்பேன்.

பிரிட்டிஷ் நாசகாரிகளின் கதை வேறு. அவற்றின் கடிதங்கள் பையோடு கரையிறங்கி, ‘மேரிடைம் மெயில்’ போன்ற பொது முத்திரையைப் பெற்றன. பொதுமக்களுக்கான உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 1940 மே மாதம் 2½ பென்ஸாக உயர்ந்த பிறகும் படையினருக்கு 1½ பென்ஸே நீடித்தது. அதன் பிந்தைய தேதியில் 1½ பென்ஸ் தலை மட்டும் இருந்தாலே படைவீரர் கடிதமாக இருக்கலாம் என்று பாருங்கள். கப்பலின் பெயர் பெரும்பாலும் உறைக்குள் இருக்கும் கடிதத்தின் தலைப்பில்தான் இருக்கும். ஆகவே கடிதத்தையும் உறையையும் ஒருநாளும் பிரிக்காதீர்கள்.

நம் கடற்படை முதலில் பெற்ற நாசகாரிகளும் போரில் ஓடிய பிரிட்டிஷ் கப்பல்கள்தாம். ராதர்ஹாம், ரெய்டர், ரிடவுட் ஆகிய மூன்றும் 1949இல் இந்தியாவுக்கு வந்து ராஜ்புத், ராணா, ரஞ்சித் ஆயின. குடியரசு நாளுக்கு முன்பு பெயருக்கு முன்னால் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்றும், 1950 ஜனவரி 26 முதல் ‘ஐ.என்.எஸ்.’ என்றும் எழுதினார்கள். தேதி மங்கிய உறையின் காலத்தை இந்த முன்னெழுத்து காட்டிவிடும். நம் கப்பல்களுக்கு வந்த கடிதங்களில் ‘ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்’ என்ற முகவரியைத் தேடுங்கள். 1971 போர்க்காலக் கடிதங்களில் இன்னொரு அடையாளம் உண்டு: அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்த 5 காசு அகதிகள் நிவாரணத் தலை. அதைக் கழற்றி ஆல்பத்தில் ஒட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உறையோடு இருந்தால் அது ஒரு போரின் சாட்சி. கழற்றிவிட்டால் சில்லறைத் தலை.

மும்பையில் தேடுவதற்குக் கோட்டைப் பகுதி நடைபாதைக் கடைகளும், சோர் பஜாரின் மட்டன் தெருவும் உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே போக வேண்டாம், விடுமுறை. ‘போர்க்கப்பல் உறை’ என்று கேட்டால் விலை ஏறும்; ‘பழைய வெளிநாட்டுக் கடிதங்கள்’ என்று கேட்டு, ஒரு கட்டாக வாங்கி நீங்களே புரட்டுங்கள். அதைவிட நல்ல வழி, மாதுங்கா, செம்பூர், அணுசக்தி நகர் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்களிடம் விசாரிப்பது. தாத்தா, பெரியப்பா, மாமா என்று கடற்படையில் இருந்தவர்களின் கடிதங்கள் பரணில் கிடக்கும். விலைக்குக் கேட்காதீர்கள். படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். விவரம் எழுதிக் கொடுங்கள். இணையத்தில் படம் போட்டால் குடும்பத்தின் பெயரையும் வீட்டு முகவரியையும் மறைத்துவிடுங்கள். மூழ்கிய கப்பலுக்கு எழுதப்பட்டு, ‘அனுப்பியவருக்கே திருப்புக’ என்ற குறிப்போடு வந்த உறைகளை நான் யாரோடும் விலைபேசுவதில்லை.

வாங்கியதைக் காப்பது இந்த ஊரில் பாதி வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றே ஈரம்தான். குண்டூசி, ஸ்டேபிள் எதுவானாலும் அன்றே எடுத்துவிடுங்கள். துரு நான்கு மாதத்தில் காகிதத்தைத் தின்னும். செலோடேப் கூடவே கூடாது. வாசனை அடிக்கும் பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலியஸ்டர் உறைகளில் வையுங்கள். மழையில் நனையும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி இருக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். வெயிலான நாளில் பெட்டியைத் திறந்து இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்ட மடிப்பை ஆவியில் பிரிக்க முயல வேண்டாம். மாலுமிகளின் பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும்.

உறையின்மேல் பென்சிலால்கூட எதையும் எழுதாதீர்கள். தனித் துண்டுத் தாளில் கப்பலின் பெயர், எண், முத்திரைத் தேதி, அந்த நாளில் கப்பல் இருந்த இடம், அதை எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்ற விவரங்களை எழுதி, பாலியஸ்டர் உறையின் பின்னால் தனிப்பையில் வையுங்கள். ஊகித்ததை ‘ஊகம்’ என்றே குறியுங்கள். அடுத்து அந்த உறையை வைத்துக்கொள்ளப் போகிறவர் அங்கிருந்து தேடலைத் தொடர்ந்துகொள்வார்.