உங்கள் போனில் இ-சிம் உண்டா? கையில் இருக்கிற போனையே கேளுங்கள்

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் கடைக்கு ஒரு பெரியம்மா வந்தார். மஞ்சப்பையிலிருந்து புத்தம்புது ஐபோன் 17 பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். "ஏம்மா, துபாயிலேர்ந்து பேரன் கொடுத்து விட்டிருக்கான். சிம் போடுற ஓட்டையையே காணோம். டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நான்கு ஓரமும் வழவழவென்று இருந்தது, ஊசி குத்துகிற துளைகூட இல்லை. போன் அசல்தான். அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், அமெரிக்கா, கனடா, ஜப்பான், மெக்சிகோ ஆகிய நாடுகளில் விற்கிற ஐபோன் 17ல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இ-சிம் என்றால் பிளாஸ்டிக் சிம் போடாமல், போனுக்குள்ளேயே இருக்கிற சிப்பில் நம்பரை ஏற்றிக்கொள்வது. அதே 17ஐ இங்கே மன்னார்குடியில் வாங்கினால் தட்டும் இருக்கும், இ-சிம்மும் இருக்கும்.

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரீசார்ஜும் சர்வீஸுமாக ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். அதனால் எல்லா நாட்டுப் போனும் என் மேசைக்கு வந்துவிடும். "அக்கா, இந்தப் போனில் இ-சிம் வருமா?" என்று வாரத்தில் நாலு பேராவது கேட்கிறார்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போக இருந்தார். ஊர் நம்பரை முன்பே இ-சிம் ஆக்கி வைத்திருந்தார். பழைய போன் திரை போய்விட்டதால், வெளியூரில் ஒரு வியாபாரியிடம் பழைய ஐபோன் 13 பேசி முடித்தார். வாங்குவதற்கு முன் என்னைத்தான் கேட்டார். "13 தானேண்ணே, இ-சிம் இருக்கும்" என்று நினைவிலிருந்து சொல்லிவிட்டேன். போன் வந்தது. இ-சிம் சேர்க்கிற இடத்தையே செட்டிங்ஸில் காணோம். தட்டை வெளியே இழுத்துப் பார்த்தால், மேல்பக்கம் ஒரு சிம், அடிப்பக்கம் ஒரு சிம் என்று இரண்டு பக்கமும் உட்காரும் தட்டு. ஹாங்காங்கில் விற்ற போன் அது. சீனாவிலும் ஹாங்காங்கிலும் மக்காவ்விலும் விற்ற ஐபோன் 13 இப்படித்தான்: இரண்டு நானோ சிம் போடலாம், இ-சிம் கிடையாது. வியாபாரி திருப்பி எடுக்கவில்லை. அண்ணன் மறுபடி சிம் கம்பெனிக் கடைக்குப் போய், விரல் ரேகை வைத்து, இ-சிம்மை பழையபடி பிளாஸ்டிக் சிம்மாக மாற்ற வேண்டியதாயிற்று. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க அரசு வைத்த விதி அது. மறுநாள் விமானம். ஓ.டி.பி. வராமல், வங்கியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் நடக்கவில்லை. நான் ஒரு நிமிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது.

அந்த ஒரு நிமிட சோதனை இதுதான். போன் பேசுகிற இடத்தில், நம்பர் அழுத்தும் பலகையைத் திறந்து *#06# என்று அழுத்துங்கள். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ். பச்சை பட்டனைத் தொட வேண்டாம். கடைசி ஹேஷை அழுத்தியதுமே திரையில் பட்டைக்கோடுகளும் எண்களும் வந்து நிற்கும். காசு போகாது, நெட் வேண்டாம், போனில் சிம்கூட இருக்க வேண்டியதில்லை.

வருகிற எண்களைப் பொறுமையாகப் பாருங்கள். ஐ.எம்.இ.ஐ. (IMEI) என்று போட்டு 15 இலக்கத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். அது போனின் அடையாள எண். இரண்டு ஐ.எம்.இ.ஐ. இருந்தால் இ-சிம் உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இரண்டு பிளாஸ்டிக் சிம் போடுகிற சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் இரண்டு ஐ.எம்.இ.ஐ. வரும். அண்ணனின் ஹாங்காங் போனிலும் இரண்டு வந்தது. நீங்கள் தேட வேண்டியது இ.ஐ.டி. (EID) என்கிற மூன்று ஆங்கில எழுத்து. அதற்கு எதிரே நீளமாக 32 இலக்கம், 89 என்று தொடங்கும். அது இருந்தால் போனுக்குள் இ-சிம் சிப் இருக்கிறது. அந்தச் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. தொழிற்சாலையிலேயே அதற்குக் கொடுத்த அடையாள எண்தான் இந்த 32 இலக்கம். சிப் இல்லாத போனில் எந்த அப்டேட் போட்டாலும் இந்த எண் முளைக்காது.

சில ஆண்ட்ராய்டு போன்களில் *#06# போட்டால் ஐ.எம்.இ.ஐ. மட்டும் காட்டும், இ.ஐ.டி. காட்டாது. அதை வைத்து இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், செட்டிங்ஸுக்குள்ளும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே தள்ளிக்கொண்டே வந்தால் இ.ஐ.டி. தெரியும். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், அதற்குள் சிம் மேனேஜர். அங்கே ஆட் இ-சிம் என்று இருக்க வேண்டும். பிக்சலில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் சிம்ஸ். மற்ற போன்களில் பாதை ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். அதற்கு நான் செய்கிற வழி, செட்டிங்ஸின் மேலே இருக்கிற தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் இ-சிம் என்று தட்டுவது. வரவில்லையா, இ.ஐ.டி. என்று தட்டுவேன். அதற்கும் ஒன்றும் வராமல், *#06#லும் வராமல் இருந்தால் அந்தப் போனில் இல்லை. பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட போன்களில் இப்படித்தான் முடிகிறது.

அபவுட் பக்கத்தில் ஒரு குழப்பம் வரும், எச்சரிக்கையாக இருங்கள். அங்கே ஐ.சி.சி.ஐ.டி. என்று இன்னொரு எண் இருக்கும். அதுவும் 89 என்றுதான் தொடங்கும், இந்திய சிம் என்றால் 8991. ஆனால் அது 19 அல்லது 20 இலக்கம்தான். அது போட்டிருக்கிற சிம்மின் எண், போனின் சிப் எண் அல்ல. ஒரு தம்பி இதையே இ.ஐ.டி. என்று எழுதிக்கொண்டு வந்து, கம்பெனி ஏற்கவில்லை என்று வருத்தப்பட்டார். 32 இலக்கத்தைத் தாளில் எழுதும்போது நான்கு நான்காகப் பிரித்து எழுதுங்கள். எட்டுக் கூட்டம் சரியாக வர வேண்டும். ஜியோவில் இ-சிம் கேட்டு 199க்கு எஸ்எம்எஸ் அனுப்பும்போது இந்த 32 இலக்கமும் ஐ.எம்.இ.ஐ. 15 இலக்கமும் தட்ட வேண்டியிருக்கும். ஓர் எண் பிசகினாலும் வேலை நடக்காது.

மாடல் பட்டியல் பயனே இல்லை என்று சொல்லவில்லை. கடைக்குக் கிளம்பும் முன் ஒரு மதிப்பீட்டுக்கு உதவும். இந்தியாவில் விற்ற ஐபோன்களில் 2018ல் வந்த எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எஸ். முதற்கொண்டு இ-சிம் உண்டு. ஐபோன் எக்ஸ், 8 இரண்டிலும் கிடையாது. சாம்சங்கில் 2020ன் எஸ்20 வரிசையிலிருந்து எஸ் போன்களில் பார்க்கலாம், மடக்கு போன்களிலும் உண்டு. பட்டியலின் வேலை அதோடு முடிந்தது. பிக்சல் 3ல் இ-சிம் உண்டு என்று பட்டியல் சொல்லும், ஆனால் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் தைவானிலும் விற்ற பிக்சல் 3ல் அது வேலை செய்யாது. பெயரும் ஒன்று, பெட்டியும் ஒன்று, விற்ற நாடு மட்டும் வேறு.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் *#06# போட்ட திரையை உங்கள் கண்ணால் பாருங்கள். வெளியூர் என்றால் வீடியோ காலில், உங்கள் முன்னாலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட இ.ஐ.டி.யை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெட்டி வேறு போனுடையதாக இருக்கலாம். போர்டு மாற்றிய போனில் சிப்பும் மாறிவிடுவதால் பெட்டி எண் பொருந்தாது. சர்வீஸ் மேசையில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஐபோன் என்றால் அபவுட்டில் மாடல் நம்பரில் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்துகளையும் பாருங்கள். எச்.என். என்றால் இந்தியாவுக்காக வந்தது, எல்.எல். அமெரிக்கா, சி.எச். சீனா. அதே பக்கத்தில் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று இருந்தால்தான் நம் ஊர் கம்பெனி இ-சிம் அதில் ஓடும். தவணையில் வாங்கிய அமெரிக்கப் போன்களில் இந்தப் பூட்டு இருக்கும். சிப் இருந்தும் பயன்படாது. அப்புறம் அந்த ஐ.எம்.இ.ஐ.யை கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுத் தட்டி 14422க்கு அனுப்புங்கள். அது எந்தக் கம்பெனி, எந்த மாடல், திருட்டுப் போன் என்று முடக்கியதா என்று அரசின் பதில் வரும்.

போனில் இருப்பது தெரிந்துவிட்டது. உங்கள் கம்பெனி தருமா? ஜியோ, ஏர்டெல், வி.ஐ. மூன்றும் தருகின்றன. பி.எஸ்.என்.எல். 2025ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. மாற்றுவது என்று முடிவு செய்தால் பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே, ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அந்த 24 மணி நேரத்தை மனதில் வைத்து, வங்கி வேலை எதுவும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய பிளாஸ்டிக் சிம், இ-சிம் ஓடத் தொடங்கியதும் செத்துவிடும். அதனால் போன் சார்ஜும் வைஃபையும் சரியாக இருக்கிற நேரத்தில் உட்காருங்கள்.

இன்னொன்று. இந்தச் சோதனைக்கு ஓ.டி.பி. தேவையே இல்லை. "உங்கள் போன் இ-சிம்முக்குத் தகுதி பெற்றிருக்கிறது, லிங்க்கைத் தொடுங்கள், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். நீங்கள் சம்மதம் கொடுத்த நிமிடம் உங்கள் நம்பர் அவர்கள் போனில் இ-சிம்மாக ஏறும், உங்கள் போனில் சிக்னல் போய்விடும். பேசிக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் சிக்னல் போனால் வேறொரு போனிலிருந்து கம்பெனிக்குச் சொல்லி நம்பரை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930க்கு அடியுங்கள்.

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். அவருடைய பழைய நம்பர் ஒரு பட்டன் போனில் இருந்தது. பென்ஷன், கேஸ், ரேஷன் எல்லாம் அந்த நம்பரில்தான். அதை இ-சிம் ஆக்கி ஐபோனுக்குள் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போன் கீழே விழுந்து திரை உடைந்தால் பிளாஸ்டிக் சிம் போல உருவி வேறு போனில் போட முடியாது. அந்த நம்பரை பட்டன் போனிலேயே விட்டுவிட்டு, கம்பெனிக் கடையில் ஆதாரைக் காட்டிப் புது நம்பர் ஒன்றை இ-சிம்மாக வாங்கச் சொன்னேன். *#06# போட்டு, 32 இலக்கத்தையும் நான்கு நான்காகத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்து, பேரனோடு வீடியோவில் பேசியபடியே திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.