டிஸ்க் பிரேக் காலிப்பர்: ஃபோர்க்கில் எங்கே, ஏன், எப்படி மாட்டுவது?

மலை சைக்கிளில் முன் டிஸ்க் பிரேக்கின் காலிப்பருக்கு, அதாவது பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும் பகுதிக்கு, கிட்டத்தட்ட எப்போதும் ஒரே இடம்தான். சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் இடது கைப் பக்கம் வரும் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) காலில், பின்புறம். போடியிலிருந்து மலையடிவார முந்தல் வரை சமதளத்தில் ஓட்டுகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் போகிறவரும், பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கம் ஏலத்தோட்ட ஜீப் பாதைகளில் ஓட்டுகிறவரும் கவலைப்பட வேண்டும்.

“அண்ணே, காலிப்பரை முன்னாடி வச்சா காத்து நேரா பட்டு சூடு குறையுமே, ஏன் பின்னாடி வைக்கிறாங்க?” என்று தம்பிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பின்னால் இருந்தால் கல்லும் செடியும் நேராக அடிக்காது, ஹோஸும் (பிரேக் குழாய்) ஃபோர்க் காலை ஒட்டி ஒழுங்காக மேலே போகும். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் கீழே வரும் வேலைகளின் வரிசை புரியும்.

சைக்கிள் முன்னோக்கி ஓடும்போது சக்கரத்தின் பின்பாதி மேல்நோக்கிச் சுழல்கிறது. அங்கே இருக்கும் பேட்கள் டிஸ்க்கைக் கவ்வினால் அதைக் கீழ்நோக்கித் தள்ளும். டிஸ்க்கோடு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பும், அதன் அச்சான ஆக்ஸிலும் கீழே போகப் பார்க்கும். குவிக் ரிலீஸ் (லீவரால் சக்கரத்தைப் பூட்டித் திறக்கும்) ஃபோர்க்கில் ஆக்ஸில் உட்காரும் பிளவும் கீழ்நோக்கியே திறந்திருக்கிறது! அதாவது ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தைக் கழற்றும் திசையிலேயே விசை போகிறது.

எவ்வளவு விசை? ஆளும் வண்டியும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். ஓரளவு அழுத்திப் பிடித்தால் தரை சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை 45 கிலோ எடை அளவுக்கு இருக்கும். 29 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 37 செ.மீ. 160 மி.மீ. டிஸ்க்கில் பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து சுமார் 7.5 செ.மீ. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம். ஆக, டிஸ்க்கைக் கீழே தள்ளும் விசை 220 கிலோ அளவுக்குப் போகிறது. அதை எதிர்த்து ஆக்ஸிலை மேலே தள்ளி வைக்க உங்கள் எடை மட்டும் போதாது. குவிக் ரிலீஸின் பிடியும், பிளவின் ஓரத்தில் இருக்கும் சின்ன உதடுகளும்தான் சக்கரத்தைக் காப்பாற்றுகின்றன. 2003-இல் ஜேம்ஸ் அனன் என்ற விஞ்ஞானி இதை விளக்கி எழுதியபோது பெரிய விவாதமே நடந்தது. 15, 20 மி.மீ. த்ரூ ஆக்ஸிலில் இந்தப் பயம் இல்லை, அது மூடிய துளைக்குள் போகிறது. மோட்டார் பைக்கிலும் அப்படித்தான்.

இனி வேலைக்கு வருவோம். 5 மி.மீ. எல் கீ, டார்ச், வெள்ளைத் தாள், சுத்தமான துணி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் இருந்தால் போதும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச்) கிடைத்தால் நல்லது.

1. ஃபோர்க் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்

பார்சலில் வந்த சைக்கிளை வீட்டிலேயே பூட்டுகிறவர்கள் ஃபோர்க்கைத் திருப்பி வைத்துவிடுவது சகஜம். ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் இணைத்துக் குறுக்கே போகும் வளைவு முன்னால் இருந்தால் சரி என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், மானிட்டூ நிறுவன ஃபோர்க்குகளில் அந்த வளைவு பின்னால்தான் இருக்கும். காலிப்பர் மாட்டும் இடத்தைப் பாருங்கள். அது வலப்பக்கம், முன்புறம் வந்திருந்தால் ஃபோர்க் முன்பின்னாகத் திரும்பியிருக்கிறது.

2. முதலில் சக்கரம், பிறகுதான் காலிப்பர்

சைக்கிளைக் கவிழ்க்காதீர்கள். சக்கரத்தைத் தரையில் ஊன்றி, ஹேண்டிலை லேசாக அழுத்துங்கள். ஆக்ஸில் பிளவின் மேல் முனை வரை போய் உட்காரும். இப்போது குவிக் ரிலீஸைப் பூட்டுங்கள். லீவர் பாதி தூரம் வந்ததும் கனக்க ஆரம்பிக்க வேண்டும், முழுதாக மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். சக்கரம் கோணலாக இருக்கும்போது காலிப்பரை ஒழுங்கு செய்தால், அடுத்த பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் உரசல் திரும்ப வரும்.

லீவரை டிஸ்க் இல்லாத வலப்பக்கம் வையுங்கள். 2015-இல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், 180 டிகிரிக்கு மேல் திறந்துகொண்ட லீவர் முன் டிஸ்க்கில் சிக்கும் அபாயம்.

3. மவுன்ட் எந்த வகை?

மவுன்ட் என்பது ஃபோர்க்கில் காலிப்பர் மாட்டும் இடம். இரண்டு வகைதான் உங்களிடம் இருக்க வாய்ப்பு. போல்ட் பக்கவாட்டில், ஆக்ஸிலுக்கு இணையாகப் போனால் ஐ.எஸ். மவுன்ட். துளைகளுக்கு இடையே 51 மி.மீ. இருக்கும். போல்ட் சைக்கிள் போகும் திசையில் நேராக இறங்கினால் போஸ்ட் மவுன்ட், இடைவெளி 74 மி.மீ.

ஐ.எஸ். துளைகளில் மரை கிடையாது, அது அடாப்டரில் (ஃபோர்க்குக்கும் காலிப்பருக்கும் நடுவே வரும் இணைப்புத் துண்டு) இருக்கிறது. மரை போனால் அடாப்டரை மாற்றிக்கொள்ளலாம். போஸ்ட் மவுன்ட்டில் மரை ஃபோர்க்கிலேயே இருக்கிறது. நல்ல ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் பெரும்பாலும் மெக்னீசியம், மென்மையான உலோகம். அந்த மரை போனால் செலவு பெரிது. எல் கீயில் குழாய் மாட்டி நெம்பும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

4. அடாப்டர்

160 மி.மீ. டிஸ்க்குக்கான போஸ்ட் மவுன்ட்டில் 180 போட விரும்பினால் 20 மி.மீ. கூட்டும் அடாப்டர் வேண்டும். சில புதிய ஃபோர்க்குகள் நேராக 180-க்கே வருகின்றன, அதில் 160 போட வழியில்லை. ஐ.எஸ். அடாப்டரில் முன் 180, பின் 160 என்று இரண்டு எண் இருந்தால் குழம்பாதீர்கள். ஒரே அடாப்டர் முன்னால் 180-க்கும் பின்னால் 160-க்கும் பொருந்தும்.

மலை இறங்குகிறவர்களுக்கு முன்னால் 180 என்பது என் கட்சி. சூடு தாங்கும், மேலே சொன்ன கீழ்நோக்கிய விசையும் குறையும். ஆனால் உங்கள் ஃபோர்க் எவ்வளவு பெரிய டிஸ்க்கை அனுமதிக்கிறது என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

5. பொருத்தி, நடுவில் கொண்டுவருதல்

மவுன்ட்டின் முகத்தில் பெயின்ட் கட்டியாக இருந்தால் காலிப்பர் சாய்ந்து உட்காரும். கடையில் அந்த முகத்தைச் சமமாகச் சீவித் தரச் சொல்லுங்கள். டிஸ்க்கை ஆல்கஹாலில் துடையுங்கள், விரல் படாமல் பிடியுங்கள்.

இரண்டு போல்ட்டையும் காலிப்பர் பக்கவாட்டில் ஆடும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) பிரேக் என்றால் பிரேக் லீவரை அழுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். காலிப்பர் தானாக டிஸ்க்கின் மேல் மையம் கொள்ளும். இப்போது மேல் போல்ட் கால் சுற்று, கீழ் போல்ட் கால் சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் காலிப்பர் திரும்பிவிடும். ஷிமானோ பிரேக்குகளில் இறுக்க வேண்டிய அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

ரப்பர் பேண்டை எடுத்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கீழே வெள்ளைத் தாளை வைத்து, டார்ச்சை அதில் அடித்து, மேலிருந்து காலிப்பரின் இடுக்கு வழியே பாருங்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் தெரியவில்லை என்றால் போல்ட்டைத் துளி தளர்த்தி, காலிப்பரைக் கையால் நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். சுற்றுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரசினால் குற்றம் காலிப்பரில் இல்லை, டிஸ்க் வளைந்திருக்கிறது.

கேபிளில் இயங்கும் காலிப்பர்களில் பெரும்பாலும் வெளிப் பேட் மட்டுமே நகரும். அங்கே ரப்பர் பேண்ட் வித்தை அரைகுறையாகவே வேலை செய்யும். உள் பேட்டை அதன் திருகால் டிஸ்க்கை உரசாத அளவுக்கு மிக அருகில் கொண்டுவந்துவிட்டுப் பிறகு கேபிளை இழுத்துக் கட்டுங்கள்.

6. ஹோஸ், கடைசிச் சோதனை

ஃபோர்க்கை முழுதாக அமுக்கிப் பாருங்கள். ஹோஸ் டயரைத் தொடக்கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது இழுபடவும் கூடாது.

புதுப் பேட்டும் டிஸ்க்கும் உடனே பிடிக்காது. முந்தலுக்கு முந்தைய சமதளத்தில், விடிகாலையில் போக்குவரத்து இல்லாதபோது, ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெதுவாகும் வரை பிடித்து விடுங்கள். பிடி கூடுவது கையில் தெரியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு நிறுத்தி, இறங்கி, குவிக் ரிலீஸ் லீவரை ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். முன்பு போலவே பாதியில் கனத்தால் மலை ஏறலாம்.